பெசன்ட் நகர் வௌவால் நடை: மொட்டை மாடி வரை போய்விட்டு வாருங்கள்

கட்டணம் தலைக்கு 400 ரூபாய். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடி, எட்டரைக்குள் முடித்துவிடுகிறார்கள். நடத்துவது இயற்கை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்த சின்னக் குழு. பெசன்ட் நகரின் உள்தெருக்களில் ஒன்றரை மணி நேரம் நடை, அப்புறம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் முக்கால் மணி நேரப் பேச்சு. நடை நன்றாக இருக்கிறது. பேச்சு அதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் வௌவாலைப் பார்த்தாயிற்று என்று பாதிப் பேர் மாடி ஏறாமலே கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நடையில் முதலில் வருபவை பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். தெருவிளக்கைச் சுற்றி அவை வெட்டி வெட்டித் திரும்புவதை எல்லோரும் பார்த்திருப்போம். குழு கையோடு கொண்டுவரும் கருவி அவற்றின் குரலை நம் காதுக்கு எட்டும்படி இறக்கித் தருகிறது. மனிதக் காது 20 கிலோ ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இவை கத்துவது அதற்கும் மேலே. கருவியின் திருகை 40 பக்கம் வைத்ததும் டப், டப், டப் என்று சீராகக் கேட்டது. பூச்சியை நெருங்க நெருங்க அந்தத் தட்டல் நெருக்கியடித்து, கடைசியில் ஒரே 'ஸ்ர்ர்' ஆகி நின்றது. பூச்சி அகப்பட்டதோ தப்பியதோ, மறுபடி டப், டப்.

கொஞ்ச நேரம் கழித்து நாட்டு வாதாம் மரத்துக்குப் பழந்தின்னிகள் வந்தன. கருவி மௌனமாகிவிட்டது. பழுதில்லை, இந்தக் குறுமூக்குப் பழந்தின்னி எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை, கண்ணும் மூக்கும் போதும் அதற்கு. காலையில் கார் மேல் கிடக்கும் சப்பிப்போட்ட வாதாங்கொட்டைகளுக்குக் காரணம் இதுதான். ஒரு நெட்டிலிங்க மரத்தின் தொங்கும் கிளைகளுக்குள் சிவப்பு விளக்கடித்து, ஆண் வௌவால் தண்டுகளைக் கடித்துவிட்டுக் குடைபோல ஆக்கியிருந்த இடத்தைக் காட்டினார்கள். மரம் எங்கள் தெருவிலும் இருக்கிறது, அதற்குள் இப்படி ஒரு வீடு கட்டப்படும் என்று எனக்குத் தெரியாது. நோய் பற்றிக் கேட்டவர்களையும் பயமுறுத்தவில்லை. தொடாதீர்கள், கடித்த பழத்தைத் தின்னாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள்.

சரி, மாடிக்கு வருவோம். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். பேசவந்த தம்பி முதல் படமாக ஒரு வரைபடத்தைப் பிரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெப்பமண்டல வௌவால்களின் மரபணு ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்பதுதான் பேச்சு.

"பறக்கிற உயிருக்குக் கடல் என்ன, மலை என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"பறந்து போறது வேற டீச்சர், போன இடத்துல குடும்பம் நடத்துறது வேற," என்றார்.

பிலிப்பைன்ஸ் தீவுகளை வைத்து விளக்கினார். 1993-இல் வந்த ஓர் ஆய்வு அங்குள்ள இரண்டு பழந்தின்னிகளை ஒப்பிட்டது. ஒன்று நம் வாதாம் மர வௌவாலின் பங்காளி. தோட்டம், காட்டோரம், ஊர் என்று எங்கும் வாழும். மற்றது நல்ல மழைக்காட்டை விட்டு வெளியே வராதது. முன்னதில் தீவுக்குத் தீவு மரபணு வித்தியாசம் கொஞ்சம்தான். பின்னதில் வித்தியாசம் மிக அதிகம். கடல் இரண்டுக்கும் ஒன்றுதான், பழக்கம்தான் வேறு. கூடவே கடந்த பனியூழிக் கணக்கும் வருகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று தனித்தனியாகத் தெரியும் பல தீவுகள் அன்று ஒரே நிலம். ஆகவே தீவுகளுக்கு நடுவே இன்று எவ்வளவு தூரம் என்று கேட்டால் போதாது, நடுவில் கடல் எவ்வளவு ஆழம் என்றும் கேட்க வேண்டும். தம்பி அந்த 120 மீட்டர் ஆழக் கோட்டை நீலப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். கண்டத் திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடித் தரையின், விளிம்பு என்று வகுப்பில் நான் வரைந்து காட்டும் கோட்டைப் போன்ற ஒன்று, உயிருள்ள ஒன்றின் பரம்பரையில் தெரிகிறது. மாலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதற்கு நேர் எதிரான கதை ஆப்பிரிக்காவின் வைக்கோல் நிறப் பழந்தின்னி. கூட்டங்கூட்டமாக வெகுதூரம் வலசை போவது. 2013-இல் வெளியான ஆய்வின்படி கண்டம் முழுக்க அது ஒரே கலந்த கூட்டம்தான். கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பியோகோ தீவில் இருப்பவையும் அதில் சேர்த்தி. ஆனால் கினி வளைகுடாவில் இன்னும் தொலைவில் கிடக்கும் பிரின்சிப்பி, சாவோ தோமே, அன்னோபோன் தீவுகளில் இருப்பவை கண்டத்துக் கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டன. அவ்வளவு தூரம் பறக்கிற வௌவாலுக்கும் ஆழ்கடல் ஒரு வேலிதான்.

நம் நாட்டுக் கதைக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. வாதாம் மரத்தில் நாங்கள் பார்த்த அதே இனம்தான், தெற்கிலிருந்து வடக்கே போகப் போக உடம்பு பெரிதாகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜே ஸ்டோர்ஸ் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை அளந்து 2001-இல் வெளியிட்டார். உடம்பின் அளவோடு சம்பந்தமில்லாத பொதுவான மரபணு அடையாளங்களில் இவ்வளவு வேறுபாடு இல்லை, கலப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படியானால் உடம்பை மாற்றுவது அந்தந்த ஊரின் தட்பவெப்பம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நடந்து பார்த்த உயிரைப் பற்றிய சேதி இது. இதற்குத்தான் பாதி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் கருவியையும் கையில் கொடுத்தார்கள். நுனியில் 3 மில்லிமீட்டர் வட்டக் கத்தி. இறக்கைச் சவ்வில் ஒரு துளி தோலை எடுத்துவிட்டு வௌவாலைப் பறக்க விட்டுவிடுவார்களாம். துளை சில வாரங்களில் மூடிக்கொள்ளும். அந்தத் துளித் தோலிலேயே தாய்வழி டி.என்.ஏ.வைத் தனியாகப் படிக்கலாம். பல இனங்களில் பெண்கள் பிறந்த இடத்திலேயே தங்கி, ஆண்கள் வெளியூர் போவதால், தாய்வழியில் பார்த்தால் ஊருக்கு ஊர் பெரிய பிரிவினை தெரியும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் டி.என்.ஏ.வில் அவ்வளவாகத் தெரியாது.

குறைகளும் உண்டு. வரைபடங்கள் ஏ4 தாளில் இருந்தன, இருபது பேருக்கு மேல் சுற்றி உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். பச்சையும் நீலமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கையில் கொடுத்த குறிப்பு முழுக்க ஆங்கிலம். பேச்சு இவ்வளவு நல்ல தமிழில் இருக்கும்போது குறிப்பை மட்டும் ஏன் அப்படிக் கொடுக்க வேண்டும்? என் பக்கத்திலிருந்த அம்மா அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார், படிக்கவில்லை. பேச்சை முன்னால் வைக்கச் சொன்னேன். நடை தொடங்கும் நேரத்தை வௌவால்தான் முடிவு செய்கிறது, அதை மாற்ற முடியாது என்றார்கள். நியாயம்தான். அப்படியானால் கூடும் இடத்திலேயே ஒரு பெரிய வரைபடத்தை மாட்டி, ஐந்து நிமிடம் பேசிவிட்டு நடக்கத் தொடங்கலாம். மாடியில் என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தால் ஆட்கள் இருப்பார்கள். பிலிப்பைன்ஸ் படத்தை சார்ட் தாளில் பெரிதாக வரைந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவர்களும் சரி என்றிருக்கிறார்கள்.

400 ரூபாய்க்கு இது தாராளம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நடை மட்டும் போதும், பேச்சில் தூங்கிவிடுவார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். வாதாம் பழுத்திருக்கும் மாதமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். மாடியில் கொசு அதிகம், ஒடோமாஸ் எடுத்துப் போக வேண்டும்.