தூசி மீட்டர்: ஐந்து மாதம் வைத்துப் பார்த்ததில்

சென்னை ரிச்சி தெருவில் 3,800 ரூபாய்க்கு வாங்கியது. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பெட்டி. எங்கள் வீடு மணலி புதுநகரில். கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஒரு சிமெண்ட் அரைவை ஆலை. அம்மாவுக்கு வீசிங் வந்த பிறகுதான் இதை வாங்கத் தோன்றியது.

உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். தூசியில் லேசர் வெளிச்சம் பட்டுச் சிதறுவதை வைத்து எண்ணைக் காட்டும். பி.எம். 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்தூசி) அளவு 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, பி.எம். 10 (10 மைக்ரான் வரையிலான தூசி) என்றால் 100. இந்தியாவில் 2009இல் வந்த வரையறை இது.

எனக்கு உதவியது எண்ணைவிட நேரம்தான். பழைய டைரியில் மணிவாரியாகக் குறித்தேன். காலையில் அடங்கிக் கிடக்கும் எண், மதியம் கடல் காற்று திரும்பியதும் ஏறத் தொடங்கும். அம்மாவை இப்போது காலையிலேயே நடக்கச் சொல்கிறேன். மதியம் கிழக்குப் பக்க ஜன்னல் சாத்தியிருக்கும்.

குறைகள் உண்டு. மார்கழிப் பனியில் விடியற்காலை எண் 200ஐத் தாண்டியதும் பதறிப்போனேன். ஈரம் ஏறிய துகள் ஊதிப் பெரிதாகத் தெரியும் என்று கடைக்காரர் சொல்லவே இல்லை. இப்போது மணலி கண்காணிப்பு நிலையத்தின் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. பேட்டரி நான்கு மணி நேரம்கூட நிற்காது.

பெரிய குறை வேறு. மாசியில் மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டோம். சாயங்காலம் எடுத்தால் மேலே சாம்பல் நிறத்தில் நறநறவென்று ஒரு படிவு. அத்தனையும் கொட்டினோம். மீட்டரோ அன்று 35தான் காட்டியது! பருமனான தூசி இதற்குச் சரியாகப் பிடிபடாது. அப்புறம் ஓர் எவர்சில்வர் தட்டை மாடியில் வைத்து, தினமும் அதே நேரத்தில் படம் எடுத்தேன். ஸ்கூட்டர் சீட்டையும் பாருங்கள். வெறும் சாம்பல் துடைத்தால் போய்விடும், சிமெண்ட் பனியில் நனைந்து புள்ளிபுள்ளியாக இறுகிவிடும். நகத்தால் சுரண்டினாலும் வராது.

சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிக்கு ஒரு கனமீட்டருக்கு 30 மில்லிகிராம் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டிகள்) கொட்டும் இடம், தார்ப்பாய் மூடாத லாரி, பல்கர் எனும் சிமெண்ட் டேங்கர் லாரியின் டயரில் ஒட்டி ரோட்டுக்கு வரும் தூள் எல்லாம் அந்தக் கணக்கில் வராதே. அதைத் தடுக்கிற நிபந்தனைகளைச் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் தேடுங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அனுமதி வாங்கிய ஆலை, ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை அந்த நிபந்தனைகள் பற்றி அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், நாம் கேட்டுப் படிக்கலாம். நான் வரி வரியாகப் படித்தேன்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் மீட்டர் எண்ணைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. தேதி, மணியோடு இருந்த தட்டுப் படங்களையும் தார்ப்பாய் இல்லாத லாரிப் படங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து ரோட்டில் தண்ணீர் லாரி தெளிக்க ஆரம்பித்தது, காலையில் ஒருமுறை மட்டும்.

ஆலைப் பக்கம் வீடு இருந்து, வீட்டில் மூச்சுக் கஷ்டம் உள்ளவர்கள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கூடவே ஒரு தட்டும் டைரியும் வேண்டும். மதியமும் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அடுத்த மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கடல் காற்று அடிப்பது அப்போதுதானே.