ஸ்டுடியோவுக்கு எது எல்லை: ஆறா, பஞ்சாயத்தா, இரண்டு ஊர்களா?

ஊர்த் திட்டமிடல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்டுடியோதான் உயிரான பாடம். ஒரு பருவம் முழுக்க ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, நடந்து, அளந்து, ஆட்களிடம் பேசி, அதற்கொரு திட்டம் போட வேண்டும். எந்த இடம், அதன் எல்லை எதுவரை என்பதில்தான் ஆசிரியர்களுக்குள் வாக்குவாதம். பொள்ளாச்சிக்கு மேற்கே கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி என்று எல்லையை ஒட்டிப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கே மாநில எல்லையின் இரண்டு பக்கமும் தமிழ் பேசும் வீடுகள்தான்; ஆனால் சட்டம் வேறு, அலுவலகம் வேறு, பதிவேடு வேறு. ஸ்டுடியோவை விட்டு இறங்காமல் செயற்கைக்கோள் படத்தை வைத்தே ஷீட் (வரைபடத் தாள்) போடும் வழியும் உண்டு. அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

முதல் வழி, ஆற்றின் வடிநிலத்தை, அதாவது மழைநீர் வடிந்து அந்த ஆற்றில் வந்து சேரும் பரப்பு முழுவதையும், எல்லையாக வைப்பது. சுற்றுச்சூழல் வடிவமைப்பு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆழியாறு ஆனைமலையில் இறங்கி, தென்னந்தோப்புகளின் நடுவே ஓடி, மணக்கடவைத் தாண்டிச் சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையில் சேர்கிறது. பாரதப்புழை வடிநிலம் 6,186 சதுர கிலோமீட்டர்; அதில் 1,786 தமிழ்நாட்டில் இருக்கிறது. இரண்டு மாநிலங்களும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாக வைத்துக்கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைக் கேரளத்துக்கு விட வேண்டும். வால்பாறைத் தேயிலையிலிருந்து பாலக்காட்டுச் சித்தூர் வயல்வரை ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்த மாணவிக்கு, கால்வாயின் கடைக்கோடி வயல் ஏன் காய்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்படி மலையிலிருந்து கீழே வாசிக்கும் முறைக்கு மூலவர் ஸ்காட்லாந்துக்கார நகரமைப்பாளர் பாட்ரிக் கெட்டிஸ். 1914இல் அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களைச் சுமந்து வந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. நம் பாட்டிமார் பேர் சொல்லிப் பயமுறுத்திய அதே எம்டன்தான். மனிதர் சளைக்கவில்லை. புதிதாகப் படங்கள் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். முதலில் ஊரைப் படி, அப்புறம் திட்டம் போடு என்பது அவர் விட்டுப்போன பாடம்.

ஆனாலும் வடிநில ஸ்டுடியோவில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. திட்டத்தை யார் கையில் கொடுப்பது? வடிநிலத்துக்குத் தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது. பரப்பு பெரிதாக இருப்பதால் பிள்ளைகள் கணினியில் சரிவு, மண், நிலப்பயன் என்று வண்ண வண்ணமாக அடுக்கிவிடுகிறார்கள். ஜூரியில், அதாவது வேலையை மதிப்பிடும் குழுவின் முன்னால், பார்க்க அழகாக இருக்கும். "இந்தப் பச்சைக்குள் யாருடைய நிலம் இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது.

பஞ்சாயத்தை எடுத்தால் அந்தப் பதில் வந்தே ஆக வேண்டும். அதிலும் கேரளப் பக்கம் இதற்கு நல்ல களம். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். கிராம சபை அங்கே வார்டு அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வயலை மூடி வீடு கட்டுவதற்கு 2008ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஒரு மாணவன் தன் திட்டத்தில் ஒரு சாலையைத் தள்ளி வரைந்தாலே யாராவது எழுந்து கேட்பார்கள்.

பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் கதையை இந்தப் பாடத்தில் விடவே முடியாது. 2000இல் அந்தப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோக்கோகோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் கெட்டுப்போயின என்று 2002 ஏப்ரலில் இரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தன. 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்கப் பஞ்சாயத்து மறுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2004 மார்ச்சில் ஆலை மூடியது. ஒரு பஞ்சாயத்தின் கை எவ்வளவு தூரம் நீளும், எந்த இடத்தில் நீதிமன்றம் பிடித்து நிறுத்தும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்க முடியாது. நிலத்தடி நீர் யாருடையது என்ற கேள்வியைப் பிள்ளைகள் இங்கே நேருக்கு நேர் சந்திக்கிறார்கள்.

குறை என்னவென்றால், பஞ்சாயத்து வரைபடத்தில் எல்லைக்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். தண்ணீர் வருவதோ அந்த வெள்ளைக்குள்ளிருந்து.

அதனால்தான் நான் மூன்றாவது வழிக்கு வருகிறேன்: ஆற்றை ஒட்டி, இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். இதில் வேலை இரட்டிப்பு, மறைக்க வேண்டியதில்லை. கேரளத்தில் மொத்தமே 941 கிராமப் பஞ்சாயத்துகள். தமிழ்நாட்டில் சுமார் 12,500. அதனால் ஒன்றுக்கு ஒன்று என்று ஜோடி சேர்த்தால் அளவு பொருந்தாது. கேரளப் பஞ்சாயத்துக்குச் செயலாளர், பொறியியல் பிரிவு, கிருஷிபவன் என்ற வேளாண் அலுவலகம் எல்லாம் உண்டு. நம் ஊராட்சியில் பெரும்பாலும் ஒரு செயலர்தான். மற்றதற்கெல்லாம் ஒன்றிய அலுவலகத்துக்கு ஓட வேண்டும். எனவே அந்தப் பக்கம் இரண்டு மூன்று வார்டுகள், இந்தப் பக்கம் முழு ஊராட்சி என்று எடுப்பதுதான் சரி.

பதிவேடுகளும் சோதிக்கும். இங்கே வி.ஏ.ஓ.விடம் சிட்டா, அடங்கல். அங்கே வில்லேஜ் ஆபீஸில் மலையாளத்தில் தண்டப்பேர் கணக்கு (நில உடைமைப் பதிவேடு). பேச்சில் சமாளித்துவிடுகிற நம் பிள்ளைகள் காகிதத்தில் திணறுவார்கள். குழுவுக்கு ஒருவராவது மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டு. ஒரே மண், ஒரே தென்னை, ஒரே ஆறு. ஓரிடத்தில் வயலை மனையாக்க ஒரு சட்டம், மறுபக்கம் வேறு நடைமுறை. இரண்டு ஊரின் நிலப்பயன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டும்போது, ஊரின் உருவத்தைச் சட்டமும் செதுக்குகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். வடிநில ஸ்டுடியோவில் இது தெரியாது, ஒற்றைப் பஞ்சாயத்திலும் தெரியாது.

இரண்டு பருவங்கள் கிடைத்தால் இரண்டாம் ஆண்டில் வடிநிலம், கடைசி ஆண்டில் இரட்டை ஊர். ஒன்றே ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் இரட்டை ஊர். ஜூலையில் தொடங்குங்கள், பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின் நீர் ஆண்டும் அப்போதுதான் தொடங்குகிறது. அக்டோபர் 2 கிராம சபைக்குள் முதல் வரைவு தயாராகிவிடும். தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, தமிழில் எழுதிய பெரிய ஷீட்களை அங்கே மாட்டுங்கள். ஜூரி மதிப்பெண்ணில் பாதியையாவது அங்கே வந்த கேள்விகளுக்குப் பிள்ளைகள் சொன்ன பதிலுக்கு ஒதுக்குங்கள்.