இரண்டு லிட்டர் குக்கரும் மூன்று விசில் கணக்கும்

ஓசூருக்கு மாற்றலாகி வந்தபோது மனைவி பெட்டியோடு ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கரையும் கட்டிக் கொடுத்தாள். கோபியில் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு அதில்தான் சோறு. இங்கே நான் ஒருத்தன். ஒரு டம்ளர் அரிசி போட்டால் அகலமான அடியில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும். பாதி வேகும், பாதி ஒட்டும், சுரண்டிச் சுரண்டியே பசி போய்விடும். இரண்டு மாதம் மெஸ்ஸில் சாப்பிட்டேன். அந்த எண்ணெய்க்கு வயிறு கையெடுத்துக் கும்பிட்டதும் பாகலூர் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்குப் போய் இரண்டு லிட்டர் ஸ்டீல் குக்கர் ஒன்று வாங்கினேன். விலை 1,750 ரூபாய். எட்டு மாதமாக இரவு அதில்தான் சமையல். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்.

முதலில் பொருளைப் பற்றி. வெளியே மூடும் ரகம், மேலே வெயிட். அடியில் இரண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவே அலுமினியம் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். இது முக்கியம். ஸ்டீல் சூட்டைச் சீராகப் பரப்பாது, அடுப்புத் தீ படும் வட்டத்தில் மட்டும் கருகும். அலுமினியம் நடுவில் இருந்தால் அந்தத் தொந்தரவு பெருமளவு குறையும். முழு அலுமினியக் குக்கர் இதைவிட மலிவு, சூடும் வேகமாக ஏறும். ஆனால் நான் வாரத்தில் நாலு நாள் தக்காளி, புளி என்று போடுகிறவன். புளிப்பு பட்டுப் பட்டு அலுமினியம் உள்ளே கருத்துப் புள்ளி விழுவதைக் கோபி வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். உடம்பில் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் மேலே ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். பழக்கதோஷம். பன்னிரண்டு வருடமாக ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. எதையும் அளக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்தப் பழக்கத்தால்தான் சமையலில் முதல் சண்டை வந்தது. அம்மாவிடம் அரிசிம்பருப்புச் சோறு எப்படி என்று போனில் கேட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் உடம்பு அசதி, மழை, விருந்தாளி போன மறுநாள், எதுவானாலும் இதுதான். வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். கடைசியில், "மூணு விசில் உட்டு எறக்கீரு கண்ணு, அவ்வளவுதான்" என்றார்.

"எந்தத் தீயிலம்மா?"

"எரியற தீயிலதான்."

மூன்று விசில் விட்டேன். பருப்பு கல்லாகக் கிடந்தது. மறுநாள் ஐந்து. அடி பிடித்தது. மூன்றாம் நாள் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றேன்.

தெரிந்தது இதுதான்: விசில் ஒரு அளவே இல்லை. உள்ளே அழுத்தம் கூடினால் வெயிட் எழும்பி ஆவியை விடுகிறது, அவ்வளவுதான். தீயைக் கூட்டி வைத்தால் என் குக்கர் 40 விநாடிக்கு ஒருமுறை கத்துகிறது. குறைத்து வைத்தால் மூன்று நிமிடத்துக்கு ஒன்று, சில நேரம் அதுவும் இல்லை. முதல் விசில் வரும்போதே உள்ளே சுமார் 120 டிகிரி வந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை கத்தினாலும் சூடு ஏறப்போவதில்லை, தண்ணீர்தான் வீணாகும். வேக வைப்பது நிமிடம். அம்மாவின் மூன்று விசிலும் பொய்யில்லை. அது அம்மாவின் அடுப்பு, அம்மாவின் தீ, ஐந்து லிட்டர் குக்கர், ஐந்து பேர் சோறு எல்லாம் சேர்ந்த கணக்கு. கோபியை விட்டு வெளியே வந்தால் செல்லாது.

இன்னொன்றும் இங்கே வந்துதான் புரிந்தது. ஓசூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. திறந்த சட்டியில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் சட்டியில் போட்ட துவரம்பருப்பு கோபியைவிட இங்கே அதிக நேரம் பிகு பண்ணுகிறது. நான் பருப்புக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தண்ணீர். யாரிடம் குறிப்பு கேட்டாலும் நாலு பேருக்குத்தான் சொல்வார்கள். நாலால் வகுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அம்மா நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பும் பன்னிரண்டு டம்ளர் தண்ணீரும் வைப்பார். நான் ஒன்றுக்குக் கால், மூன்று டம்ளர் தண்ணீர் என்று வைத்தால் வறண்டுபோகிறது. ஆவியாகப் போகிற தண்ணீர் நாலு பேருக்குச் சமைத்தாலும் ஒருவருக்குச் சமைத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய அளவில் அது தெரியாது, சின்ன அளவில் கழுத்தைப் பிடிக்கும். அரை டம்ளர் கூட்டி வைத்தேன், சரியாக வந்தது.

இப்போது என் நோட்டில் இருப்பது இப்படி. 150 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி இருபது நிமிடம் ஊற வைக்க வேண்டும். கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், நாலு மிளகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை. எட்டுச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு வதங்கியதும் ஒரு தக்காளி, மஞ்சள்தூள். மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் அரிசி, பருப்பு, உப்பு. மூடுவதற்கு முன் கரண்டியால் அடியை ஒருமுறை நன்றாகச் சுரண்டிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் தக்காளிதான் முதலில் கருகுவது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஏழு நிமிடம். அணைத்த பிறகு தானாக ஆவி அடங்கட்டும், பத்து நிமிடம் ஆகும். நெய் தாராளமாக. இரவுக்கும் மறுநாள் டப்பாவுக்கும் போதும். மார்கழியில் இங்கே சந்தையில் பச்சை அவரைக்கொட்டை குவிந்து கிடக்கும், ஒரு பிடி போட்டால் வேறு எதுவும் தொட்டுக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு லிட்டரில் இந்த அளவு பாதிக்குக் கீழேதான் நிற்கிறது. அரிசி, பருப்பு மாதிரி பொங்குகிற சாமானை அதற்கு மேல் போடக்கூடாது, வெயிட் துவாரம் அடைத்துக்கொள்ளும்.

இந்தக் குக்கருக்கு வராத சமையலும் உண்டு. மாடியில் குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் அக்கா கன்னடம் பேசுகிறவர். ராகிக் களிக்கு பஸ்ஸாரு வைத்துக் கொடுத்தார், அசந்துபோனேன். கீரையையும் துவரம்பருப்பையும் வேக வைத்துத் தண்ணீரை வடித்து, அந்தத் தண்ணீரில் மசாலா அரைத்துவிட்டால் சாறு. வடித்த கீரையும் பருப்பும் தாளித்தால் பொரியல். ஒரே வேலையில் இரண்டு பதார்த்தம், தனி ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டுவிட்டேன். கீரை கூழாகிவிட்டது, வடிக்க ஒன்றும் இல்லை. "தம்பி, பருப்பை மட்டும் முக்கால் பதத்துக்கு வேக வெச்சுட்டு, மூடியைத் தெறந்து அப்புறம் கீரை போடணும்" என்று சிரித்தார். குறைந்த தீயில் மூன்று நிமிடம் பருப்பு, பிறகு திறந்தபடி கீரை. சரியாக இருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். ஐந்தாம் மாதமே கேஸ்கட் தளர்ந்து ஓரமாக ஆவி கசிந்தது. சர்வீஸ் சென்டரில் இந்த அளவு ஸ்டாக் இல்லை என்று மூன்று வாரம் அலைய விட்டார்கள். வேறு கம்பெனிக் கேஸ்கட் போட்டுப் பார்க்கச் சொன்னார் அங்கே இருந்தவர். போடவில்லை. அளவில் சிறு வித்தியாசம் இருந்தாலும் அழுத்தம் நிற்காது, என் தொழிலில் இது பாலபாடம். வாங்கும்போதே உதிரியாக ஒன்று வாங்கி வையுங்கள். பிடியின் திருகு மாதம் ஒருமுறை லூசாகிறது, ஸ்க்ரூ டிரைவர் அடுப்படியிலேயே இருக்கிறது. சேஃப்டி வால்வு ஒருமுறை போனது, ஆனால் அந்தப் பழி என் மேல். தண்ணீர் ஊற்ற மறந்து போன் பேசிக்கொண்டிருந்தேன். சூடு எல்லை மீறினால் உருகிவிடும் உலோகத்தை அதில் வைத்திருப்பார்கள். அது உருகி ஆவியை விட்டது. தன் வேலையைச் செய்தது என்று சந்தோஷப்பட்டேன், பருப்பு மட்டும் கூரைக்குப் போய்விட்டது.

ஒரு ஆள், அல்லது கைக்குழந்தையோடு இரண்டு பேர் என்றால் இரண்டு லிட்டர் போதும். டப்பாவும் கட்ட வேண்டிய இரண்டு பேர் மூன்று லிட்டருக்குப் போய்விடுங்கள். உள்ளே பாத்திரம் வைத்து அடுக்கிச் சமைக்கிறவர்களுக்கு இது ஆகாது, ஒரு கிண்ணத்துக்கு மேல் நுழையாது. சுத்தம் செய்வது சுலபம்.

எங்கள் ஷிஃப்ட்டில் தனியாகத் தங்கியிருக்கும் பையன்கள் ஆறு பேர். என் டப்பாவைப் பார்த்துவிட்டுக் குறிப்பு கேட்டார்கள். விசில் எண்ணிக்கையை அடித்துவிட்டு நிமிடம் போட்டு எழுதிக் கொடுத்தேன். உசிலம்பட்டிப் பையன் பதிலுக்கு அவன் அம்மாவிடம் கேட்டுத் தட்டைப்பயறுக் குழம்பு எழுதி வந்தான். அதில் கடைசி வரி, "நாலஞ்சு விசில்". இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாப் வாட்சோடு அதை வைத்துப் பார்க்க வேண்டும்.