சராசரி வேகமா, அடுக்கு வேகமா?

நிலநடுக்கம் எவ்வளவு தொலைவில் ஏற்பட்டது என்று சட்டெனச் சொல்லச் சராசரி வேகமே போதும். பூமியின் வெளிப்பாறை அடுக்கான மேலோட்டில், நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் பி அலை விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. செல்லும், பின்னால் வரும் எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. இரண்டும் 10 விநாடி இடைவெளியில் வந்து சேர்ந்தால், தொலைவு ஏறக்குறைய 84 கி.மீ. அதிர்வைப் பதியும் மூன்று நிலையங்களின் கணக்கு சேர்ந்தால் இடம் சிக்கிவிடும்.

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் சராசரி வாய் திறக்காது. அலை 24 கி.மீ. பாறையை 6 கி.மீ. வேகத்திலும், அடுத்த 24 கி.மீ. பாறையை 8 கி.மீ. வேகத்திலும் கடந்தால், ஆகும் நேரம் 4 + 3 = 7 விநாடி; சராசரி 6.86. (மாணவர்கள் பலர் 7 என்றே எழுதிவிடுகிறார்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது.) அந்த 6.86-இல் இரண்டு அடுக்குகளும் கரைந்துபோகின்றன. எனக்கு ஒவ்வொரு அடுக்கிலும் அலை செல்லும் தனி வேகம், அதாவது அடுக்கு வேகமே பெரிது.

1909 அக்டோபரில், இன்றைய குரோவேஷியாவின் சாக்ரெப் நகர் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகளை நிலநடுக்க ஆய்வாளர் ஆந்திரியா மோகோரோவிசிக் அலசினார். தொலைவிலுள்ள நிலையங்களில், மேலோட்டு வழியாக வந்த பி அலையை இன்னொரு பி அலை முந்தியிருந்தது. அது ஆழத்தில் இருந்த வேகமான பாறை வழியே சுற்றி வந்த அலை. மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள கவசம் என்ற அடுக்குக்கும் இடையிலான எல்லை அப்படித்தான் பிடிபட்டது.