சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பத்தாண்டுகள்

பத்தாண்டுகளுக்கும் மேலாக என் ஆய்வுகளுக்குச் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டின் தரவுகளைப் பயன்படுத்தி வருகிறேன். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின்கீழ் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து 1982 முதல் இயங்கும் இப்பதிவேட்டில் நான் முதலில் மதிக்கக் கற்றது நோயாளியின் முகவரியை. ஆந்திரத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் சென்னை மருத்துவமனைகளின் கணக்கில் இருப்பார்கள். சென்னையில் வசிப்பவர்களை மட்டுமே எண்ணும் பதிவேட்டின் கணக்கில் இருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பட்டியலை நகரத்தின் நோய்ச்சுமையாகவே நான் எழுதிவிட்டேன். அந்தக் கட்டுரையை முழுவதும் திருத்த வேண்டியதாயிற்று.

தரவைத் திரட்டும் உழைப்பை அருகிலிருந்து பார்த்தபின் அதன்மேல் என் மதிப்புக் கூடியது. பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கும் நோயியல் ஆய்வகங்களுக்கும் இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கும் நேரில் சென்று குறிப்பெடுக்கிறார்கள். ஒரே பெண் ஓரிடத்தில் தந்தையின் முன்னெழுத்தோடும் மற்றோரிடத்தில் கணவரின் முன்னெழுத்தோடும் பதிவாகியிருப்பார். லட்சுமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். வயது, தெரு, நோய் தோன்றிய உறுப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, இருவரல்லர் ஒருவரே என்று முடிவு செய்யும் அந்தப் பொறுமை இல்லையென்றால் எண்ணிக்கை வீங்கிவிடும். இறப்புச் சான்றிதழால் மட்டுமே தெரியவந்த நோயாளிகளின் பங்கை ஒவ்வோர் அறிக்கையிலும் முதலில் தேடுகிறேன். அது மிகுந்தால், உயிரோடிருந்தபோது பலர் பதிவாகாமல் தவறியிருக்கிறார்கள் என்று பொருள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து வந்ததையும், மார்பகப் புற்றுநோய் அதை முந்தியதையும் இத்தகைய நீண்ட தொடர் இன்றி உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த மாற்றத்துக்கான காரணத்தை இதில் தேடக் கூடாது. புகைப்பழக்கம், வருமானம் போன்றவற்றின் பங்கை அறியத் தனி ஆய்வுதான் வேண்டும்.

எனக்கு இன்றும் கவலை தருவது, நிகழ்வு வீதத்தை, அதாவது மக்கள்தொகையில் புதிதாக நோயுறுவோரின் வீதத்தைக் கணக்கிடும்போது வகுத்தியாகும் மக்கள்தொகை. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பழைய எல்லைக்குள் எண்ணிய நோயாளிகளைப் புதிய எல்லையின் மக்கள்தொகையால் வகுத்தால் நோய் திடீரெனக் குறைந்ததுபோல் தோன்றும். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனதால், வயதுவாரியான மக்கள்தொகையை மதிப்பிட்டே பயன்படுத்துகிறோம். மதிப்பீட்டில் முதியோர் எண்ணிக்கை சற்றே பிசகினாலும் நிகழ்வு வீதம் மாறிவிடும் என்பதால், இரு வேறு மதிப்பீடுகளைக் கொண்டு கணக்கிட்டு இரண்டு விடைகளையும் அட்டவணையில் தருவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.