ஊருக்கு வந்தால் எந்தக் கவுன்டரில் எதைக் காட்டுவது

வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே நம் பாஸ்போர்ட் நகலோ ஆதார் நகலோ ஐந்தாறு பேர் கைக்குப் போய்விடுகிறது. லாட்ஜ், சிம் கடை, வங்கி, ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி நோட்டு என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். சிலர் சட்டப்படி கேட்கிறார்கள். சிலருக்கு அது பழக்கம். இன்னும் சிலர் மேலிடம் கேட்டால் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் வாங்கி வைக்கிறார்கள். எது எந்த வகை என்று தெரிந்தால் வீண் சண்டையும் வராது, வீண் நகலும் போகாது.

லாட்ஜ் கேட்பது சட்டப்படிதான். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருபவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்குபவர் விவரப் படிவத்தை (முன்பு சி படிவம் என்பார்கள்) ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா விவரம், இந்தியாவுக்குள் வந்த தேதி, அடுத்துப் போகும் இடம் ஆகியவை அதற்குத் தேவை. ஹோட்டல்களுக்கு மட்டும் இல்லை, தனி வீட்டில் தங்கவைப்பவர்களும் அதே இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் ரிசப்ஷனில் இருக்கும் பையன் தன் சொந்த போனில் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதைச் சட்டம் கேட்கவில்லை. "உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணிக்குங்க தம்பி, நான் நிக்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை ராத்திரி முழுக்க அவர்களிடம் விட்டுவைக்க வேண்டியதில்லை.

ஆதார் கதை வேறு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு சொன்னது. ஆனாலும் கவுன்டரில் முதல் கேள்வி இன்றைக்கும் "ஆதார் இருக்கா?"தான். இந்திய பாஸ்போர்ட் உள்ள என்ஆர்ஐ வந்தவுடனே ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அதனால் இரண்டு வார விருந்தாளியிடம் ஆதார் இல்லாதது குற்றமில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.

ஆதார் இருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பே முதல் எட்டு எண் மறைத்த மாஸ்க்டு ஆதாரை இறக்கி, நாலைந்து பிரதி அச்சடித்து எடுத்து வருவது நல்லது. ஏனென்றால் உண்மையான ஓட்டை சர்வரில் இருப்பதைவிட தெருமுனை ஜெராக்ஸ் கடையில்தான் அதிகம். "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க சார்" என்பார்கள். அனுப்பிய பிடிஎஃப் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும், ஏற்கெனவே அங்கே கிடக்கும் ஊரார் பத்திரங்களோடு. நம் போனில் அனைவருக்கும் அழித்தாலும் அங்கே இறங்கிய பிரதி அழியாது. போதாக்குறைக்கு அந்த ஃபைலைத் திறக்க பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். அது பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். க்யூவில் நிற்பவர் காதில் விழ அதையும் சத்தமாகச் சொல்லியாகிறது. வேறு வழியில்லை என்றால் அச்சடித்த கையோடு ஃபோல்டரில் இருந்தும் ரீசைக்கிள் பின்னில் இருந்தும் அழிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

நகல் கொடுக்கும்போது படத்தின் மேலேயே குறுக்காக "இன்ன வேலைக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதே தாளை இன்னொரு சிம்முக்கு வைப்பது கஷ்டம். ஓரத்தில் எழுதினால் பிரயோஜனமில்லை, மடித்து ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டு, இரண்டே நாளில் அது வாபஸ் ஆனது. வாபஸானது அறிவிப்புதான். அதில் சொன்ன புத்தி அப்படியே செல்லும்.

வயதான அப்பா அம்மா தனியாக இருக்கும் வீடுகளுக்கு அரசு கொண்டுவந்த நல்ல காரியம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. வருகிற பெண் தன்னார்வலர் பெரும்பாலும் அதே பகுதிக்காரர். அதனால்தான் பாட்டி கதவைத் திறக்கிறாள், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். திண்ணையில் வைத்து "பாட்டி, சுகர் முன்னூறு தாண்டிருச்சு" என்று சொன்னால் எதிர்வீடு வரை கேட்பதும் அதனால்தான். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, கதவைச் சாத்திப் பார்க்கச் சொல்வதுதான் வழி. புகார் எழுதினால் வருகிறவர் வருவதையே குறைத்துக்கொள்வார்.

அரசு ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவில் டாக்டர் மேஜைக்கு முன்னால் ஒரு ஸ்டூல், அதை ஒட்டி அடுத்த நோயாளி, அவருக்குப் பின்னால் அவருடைய மாமியார். கூட்டம் அப்படி, யாரையும் நோக முடியாது. அதற்காக வாயை மூடிக்கொண்டு வியாதியை மறைத்தால் தப்பான மாத்திரைதான் வரும். சொல்லக் கூச்சமான விஷயத்தை ஒரு தாளில் எழுதி சீட்டோடு நீட்டலாம். உடம்பைப் பார்க்கும்போது ஸ்கிரீன் போடச் சொல்லலாம். பெண்ணுக்குத் துணையாக நர்ஸ் நிற்கச் சொல்லலாம். தனியறை ஒழுங்காக அமைந்திருக்கும் ஓர் இடம் ஹெச்ஐவி பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையம். அந்த முடிவைச் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மனசு சரியில்லை என்றால் க்யூவே வேண்டாம், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம்.

ரோட்டில் அடிபட்டால் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் இலவசமாகப் பார்க்கின்றன. வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் என்ற பேதம் கிடையாது. வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் அடிபட்டவரைத் தூக்கத் தயங்குவதற்குக் காரணம் போலீஸ், கோர்ட் பயம். அந்தப் பயம் பழசு. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின்படி, கொண்டுவந்து சேர்த்தவர் பெயரோ முகவரியோ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. விருப்பப்பட்டால் சொல்லலாம். விபத்து இன்சூரன்ஸுக்கு அடிபட்டவர் வீட்டார் மறக்காமல் வாங்க வேண்டியது ஏ.ஆர். காப்பி. ஆஸ்பத்திரி எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது.

சொத்து விஷயத்தில் கணக்கு தலைகீழ். பத்திரப் பதிவு அலுவலகத்தில் விற்பனைப் பத்திரம் ஏறும் 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், வில்லங்கச் சான்று எடுக்கலாம். மறைத்து வைத்தால் ஒரே மனையை நாலு பேருக்கு விற்றுவிடுவான் என்பதால் அப்படி. உயில் ஏறுவது 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரும் அவருடைய முகவரும் தவிர யாருக்கும் நகல் கிடையாது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு வளர வேண்டாம் என்று நினைப்பவர், உயிலை உறையில் போட்டு சீல் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம்.

கிளம்பும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாக இருந்தால் உள்ளூர் ஸ்டேஷனில் தேதியையும் பக்கத்து வீட்டு நம்பரையும் சொல்லி வைக்கலாம், ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். ரோந்து போலீஸ் கையெழுத்துப் போடும் நோட்டை மட்டும் நம் கேட்டில் தொங்கவிட வேண்டாம். வீட்டில் ஆளில்லை என்று அதைவிடத் தெளிவாகப் போர்டு மாட்ட முடியாது. பக்கத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக சிம். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் போன் கம்பெனி இணைப்பை நிறுத்திவிட்டு, பிறகு அதே நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதில் ஆதாரும் வங்கியும் கட்டியிருந்தால் உங்கள் ஓடிபி அவர் போனில் விழும். அதனால் ரீசார்ஜ் செய்து வையுங்கள், முடியாதென்றால் போகும் முன்பே நம்பரை மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு மச்சான் நம்பரைக் கொடுத்தால் அடுத்த வருடம் நீங்கள் ஓடிபி வாங்க அவர் தூங்கி எழும்வரை காத்திருக்க வேண்டும். விமான நிலையத்துக்குக் கார் வரும் முன்பு இரண்டு வேலை. சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யுங்கள். ஆதார் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டுங்கள், அடுத்த முறை வரும்போது திறந்துகொள்ளலாம்.