மாற்றுவதா, வேறு வண்டி வாங்குவதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மழைக்காலத்தில் கண்மாய்க்கரையில் பிக்கப் ஓட்டுபவருக்கு ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போவது) ஆசை வருவது நியாயம்தான்.

இருக்கிற டூ வீல் டிரைவ் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்) வண்டியை மாற்ற, விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிஃபரென்ஷியல், கூடுதல் ஷாஃப்ட் எல்லாம் வேண்டும். முன், பின் டிஃபரென்ஷியல்களின் பல்சக்கர விகிதம் ஒத்துப்போகாவிட்டால் பாகங்கள் முறுக்கிக்கொண்டு உடையும். பட்டறைக்காரர் "செஞ்சிரலாம்ணே" என்பார், ஆர்.டி.ஓ. அப்படிச் சொல்ல மாட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதற்குக் குறுக்கே நிற்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி வடிவமைப்பை மாற்றக்கூடாது என்றது. விபத்து என்றால் இன்சூரன்ஸும் இழுபறிதான்.

கம்பெனியிலிருந்தே ஃபோர் வீல் டிரைவாக வந்த பழைய மஹிந்திரா பொலிரோ கேம்பர் பிக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை. டீசல் கொஞ்சம் கூடும், சரி. என் ஓட்டு இதற்கே. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும்தான் சேறு என்றால், இருக்கிற வண்டிக்கே பின்பக்கம் சேற்றில் பிடிக்கும் நல்ல மட் டயர் போதும்.